வெயில் பார்த்த வேலை

ஸ்கார்பரோ, டொராண்டோ
நவம்பர் 16

அன்புள்ள தம்பி முத்துவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மா, அப்பா, ஆச்சி நலமறிய ஆவல்.

நீ கேட்டது இரண்டு. சமையல் தெரியாதவன் இங்கே வந்து என்ன சாப்பிடுவது? காலையில் போடும் ஆசனங்களை இந்தக் குளிரில் தொடர முடியுமா? போனில் சொன்னால் பாதியை நீ காதிலேயே வாங்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. அளவில் குறை கண்டுபிடிப்பாள், கண்டுபிடிக்கட்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். திருநெல்வேலியில் பாதி வேலையை வெயிலே பார்த்துவிடுகிறது. மாவு புளிப்பது, பால் உறைவது, மூட்டு இளகுவது, தாகம் எடுப்பது எல்லாம் அதன் கைங்கரியம். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் 20, 21 டிகிரி. காற்றோ அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடக்கும். வெயில் பார்த்த வேலையை இங்கே நாம்தான் பார்க்க வேண்டும்.

இட்லி மாவிலிருந்து தொடங்குகிறேன். ஊர் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வராதே. அது 230 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே மின்சாரம் 120. ஓடினாலும் வேகம் இருக்காது, உளுந்து பொங்காது. இங்கத்து மின்சாரத்துக்கென்றே செய்த நம் ஊர் மிக்ஸிகள் தமிழ்க் கடைகளில் கிடைக்கின்றன. கிரைண்டரில் அரைத்தால் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போதும். மிக்ஸியில் உளுந்து அந்த அளவு பொங்காது என்பதால் மூன்றுக்கு ஒன்று வை. மூன்று கப் இட்லி அரிசி, ஒரு கப் முழு வெள்ளை உளுந்து, அரைத் தேக்கரண்டி வெந்தயம். ஜனவரியில் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டி போல வரும், அதில் ஊறவைத்தால் அரிசி நடுவில் கல்லாகவே நிற்கும். வெதுவெதுப்பான நீரில் அரிசியை ஐந்து மணி நேரமும், உளுந்தையும் வெந்தயத்தையும் இரண்டு மணி நேரமும் ஊறவை. அரைக்கும்போது மட்டும் தலைகீழ்: மிக்ஸியின் பிளேடு மாவைச் சூடாக்கிவிடும், அதனால் ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரை. ஒரு சொட்டு உளுந்து மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் இரண்டு நிமிஷம் ஓட்டு.

உப்புப் போட்டுக் கையால் கரைத்துப் பெரிய பாத்திரத்தில் பாதி அளவுக்கு மட்டும் ஊற்றி, ஓவன் என்னும் பெட்டி அடுப்புக்குள் வைத்து, உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டுக் கதவை மூடு. பழைய குண்டு பல்ப் என்றால் அந்தச் சூட்டிலேயே உள்ளே ஏறக்குறைய 30 டிகிரி நிற்கும், பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். புது அடுப்புகளில் எல்.இ.டி. விளக்கு. அது வெளிச்சம் தரும், சூடு தராது. முதல் தடவை மாவு புளிக்கவில்லை என்றால் உப்பையும் உளுந்தையும் திட்டாமல் பல்பைப் பார். எல்.இ.டி. என்றால் அடுப்பை ஒரே நிமிஷம் எரியவிட்டு அணைத்து, ஒரு செம்பில் கொதிநீரைப் பக்கத்தில் வைத்து மூடு. ஆறு மணி நேரம் கழித்துக் கொதிநீரை மாற்று. அடுப்பின் கதவில் 'மாவு உள்ளே' என்று ஒரு சீட்டு ஒட்டிவை. கூட இருக்கும் பையன் பீட்சா சுட அடுப்பை 400-க்குத் திருகிவிட்டால் மாவும் போகும், பாத்திரத்தின் மூடியும் உருகும். (இங்கே அடுப்புக்கணக்கு எல்லாம் பாரன்ஹீட்.)

தயிருக்கும் அதே இடம்தான். ஒன்டாரியோவில் பாலைப் பையில் விற்பார்கள். நாலு லிட்டர் மூட்டைக்குள் மூன்று பை. ஒரு லிட்டரைக் காய்ச்சி, விரலை விட்டால் சூடு தெரிய வேண்டும், ஆனால் சுடக்கூடாது என்ற பதத்துக்கு ஆற விட்டு ஒரு மேசைக்கரண்டி தயிரை உறை ஊற்று. கடைத் தயிர் டப்பாவில் ஜெலட்டின், பெக்டின், மாவு என்று ஏதாவது போட்டிருந்தால் அது சரியான உறைமோர் ஆகாது. பாலும் பாக்டீரியாவும் மட்டும் எழுதியிருப்பதை எடு.

மேலே சட்டி வைத்துச் சமைக்கும் அடுப்பு பெரும்பாலும் மின்சாரச் சுருள். அணைத்த பிறகும் ஐந்தாறு நிமிஷம் சுடும். கேஸ் அடுப்பு என்று நினைத்துத் தாளித்தால் கடுகு கருகும், பூண்டு கசக்கும். கடுகு பாதி வெடித்ததும் சட்டியையே தூக்கிப் பக்கத்துச் சுருளில் வைத்துவிட்டு உளுத்தம்பருப்பையும் கறிவேப்பிலையையும் போடு. மிச்சத்தைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும். மிளகாய் வற்றலைக் கடைசியில் போடு. முதலில் போட்டால் நெடி ஏறிப் புகை அலாரம் அலறும். அதன் பேட்டரியைக் கழற்றும் வேலை வேண்டாம், இங்கே அது சட்டப்படி குற்றம். ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைத் தாளிப்பதற்கு முன்பே போட்டுவிடு. குளிர்கோட்டைச் சமையல் நடக்கும் அறையில் மாட்டாதே. பெருங்காய வாசனை கோட்டில் ஏறினால் மார்ச் வரை போகாது.

தினமும் நாலு பாத்திரம் கழுவ உனக்குப் பொறுமை கிடையாது என்று தெரியும். அதனால் உளுந்தஞ்சோறு கற்றுக்கொள். ஒரு கப் புழுங்கல் அரிசி, அரைக் கப் தொலி உளுந்து. உளுந்தை எண்ணெய் விடாமல் மிதமான சூட்டில் வாசனை வரும் வரை வறு. இந்த வறுப்பைத் தாண்டினால் சோறு கொழகொழவென்று வரும். ஒரே ஒரு தடவை கழுவு. தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தொலியெல்லாம் மிதந்து போய்விடும், அந்தத் தொலியில்தான் மணமும் நார்ச்சத்தும். பத்துப் பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீரகம், கால் தேக்கரண்டி வெந்தயம், அரைக் கப் தேங்காய்த் துருவல், உப்பு, நாலரைக் கப் தண்ணீர். குக்கரில் நாலு விசில், பிறகு தானாக ஆவி இறங்கட்டும். உறைந்த தேங்காய்த் துருவல் பையில் கிடைக்கும். வேண்டியதை மட்டும் உடைத்து எடுத்து மீதியை உடனே உறைபெட்டிக்குள் தள்ளு. மீந்த சோற்றை ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க வெளியே வைக்காதே. ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வை, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கு, ஒரே ஒரு தடவை.

பருப்புக்கு மைசூர் பருப்பைப் பழகிக்கொள். துவரம்பருப்பு கடல் தாண்டி வருகிறது. இதுவோ இந்த நாட்டிலேயே சஸ்காச்சுவான் சமவெளியில் விளைந்து நம் நாட்டுக்கும் கப்பலில் போகிற சரக்கு. ஊற வேண்டாம், குக்கரும் வேண்டாம். ஒரு கப்புக்கு மூன்று கப் தண்ணீர், பதினைந்து நிமிஷம், மேலே வரும் நுரையை மட்டும் வழித்து எடு.

கீரைக்கு ஆச்சி கவலைப்படுகிறாளாம். ஜமைக்காக்காரர்கள் கடையில் 'கலலூ' என்று ஒரு கட்டு இருக்கும். பார்த்தால் நம் குப்பைக்கீரையேதான். அதைக் கடைந்து சாப்பிடலாம். ஆனால் வெயில் காலத்தில்தான் நல்லதாகக் கிடைக்கும். குளிர்காலத்தில் கேல் என்று ஒரு கீரை. அது முரட்டு இலை. நடுத்தண்டைக் கிழித்து எறிந்துவிட்டு மெல்லிசாக அரிந்து, கால் கப் தண்ணீர் தெளித்து எட்டு நிமிஷம் மூடி வேகவிட்டு, ஊறிய பாசிப்பருப்பு இரண்டு கரண்டி, தேங்காய் மூன்று கரண்டி போட்டுப் பிரட்டினால் முருங்கைக்கீரைப் பொரியலுக்குச் சித்தப்பா பையன் என்று சொல்லலாம், அவ்வளவுதான். முருங்கைக்கீரையே உறைந்த பொட்டலமாகவும் உண்டு.

ஸ்கார்பரோக் கடைகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்களுடையவை. பெயர் தெரியாமல் முழிக்காதே: குரக்கன் மா என்றால் கேழ்வரகு மாவு, பயறு என்றால் பாசிப்பயறு, மரக்கறி என்றால் காய்கறி. அவர்கள் சிவப்பரிசி மாவில் செய்யும் புட்டு உன் காலை அவசரத்துக்குத் தோது.

வெயில் தராத இன்னொன்று வைட்டமின் டி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இங்கத்துச் சூரியன் கண்ணுக்குத் தெரியும், தோலுக்கு உதவாது. அதனால்தான் கடைப் பாலில் சட்டப்படியே அதைச் சேர்க்கிறார்கள். உன் வயதுக்கு நாளைக்கு 600 அலகு என்பது இங்கத்துக் கணக்கு; ஒரு கோப்பைப் பாலில் அதில் பாதிகூட வராது. மாத்திரை வேண்டுமா என்று வந்ததும் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

இனி ஆசனம். டிசம்பர் கடைசியில் சூரியன் எழும்போது மணி ஏழே முக்கால் தாண்டிவிடும். ஐந்தரைக்கு எழுந்து மொட்டை மாடியில் சூரிய நமஸ்காரம் என்ற பழக்கத்தை விமானத்திலேயே இறக்கிவிட்டு வா. காலையில் உடம்பு விறகு மாதிரி இருக்கும், எடுத்ததும் குனிந்தால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிஷம் கால் விரல், கணுக்கால், முட்டி, இடுப்பு, தோள், கழுத்து என்று பைய சுழற்று. பிறகு நாலு சுற்று நமஸ்காரம், ஒவ்வொரு நிலையிலும் மூன்று மூச்சு நின்று. குதித்துப் பின்னால் போகாதே. மரத்தளம், கீழ் வீட்டுக்காரர் விட்டத்தைத் தட்டுவார். காலுறையைக் கழற்று, வழுக்கும். சூடான காற்று வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் விரிப்பைப் போடாதே, தொண்டை காய்ந்துவிடும்.

நின்றுகொண்டே வேலை பார்த்துத் திரும்பிய ராத்திரிகளில் சுவரோரம் படுத்து இரண்டு காலையும் சுவரில் சாய்த்து ஏழு நிமிஷம் கிட. கால்வீக்கம் வடியும். பனி வாரப் போகும் முன் பூனை மாதிரி நாலு காலில் நின்று முதுகைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கு. இடுப்பு பிடிப்பதற்குக் காரணம் பனியின் கனம் மட்டும் இல்லை, முட்டியை மடக்காமல் முதுகை வளைத்துத் திருகித் தூக்குவதுதான். சவாசனத்துக்கு முன் காலுறை, ஸ்வெட்டர், போர்வை எல்லாம் போட்டுக்கொள். அசையாமல் கிடந்தால் இரண்டு நிமிஷத்தில் குளிர் ஏறும், பிறகு எங்கே ஓய்வு?

மூக்கு அடைத்திருக்கும் நாளில் துவாரம் மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தியை முக்கிச் செய்யாதே. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலது துவாரம் கொஞ்ச நேரத்தில் திறக்கும். நேத்தி, அதாவது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, செய்வதாக இருந்தால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டுமே. அரை லிட்டருக்கு முக்கால் தேக்கரண்டி உப்பு. குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடவே கூடாது. தாகம் எடுக்காவிட்டாலும் சீரகத் தண்ணீரை ஒரு குடுவையில் எடுத்துப் போய் மதியத்துக்குள் காலி செய்.

யோகா வெள்ளைக்காரர்களிடம் போய்க் கற்கும் சங்கதி ஆகிவிட்டதே என்று அப்பா சலித்துக்கொள்வார். அவரிடம் சொல்: பத்தமடையில் 1887-ல் பிறந்து, மலேயாவில் டாக்டராக இருந்து, ரிஷிகேஷ் போனவர் சுவாமி சிவானந்தர். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் வந்து ஆசிரமம் அமைத்த வால் மொரான் இங்கே பக்கத்து மாகாணமான கியூபெக்கில்தான் இருக்கிறது. நம் தாமிரபரணிக்கரைச் சரக்குதான்.

பத்தமடை என்றதும் நினைவு வருகிறது, ஒரு கோரைப்பாய் கொண்டு வா. வெறும் மரத்தளத்தில் அது வழுக்கும். கீழே ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொள்ளலாம். இட்லித்தட்டு, கருப்பட்டி, கறுப்பு எள் அரைக் கிலோ. பச்சை இலை, பழம், விதைநெல் எதுவும் வேண்டாம். கொண்டுவரும் உணவுப்பொருள் எல்லாவற்றையும் விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லிவிடு.

உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத்துவையல் இல்லாமல் முடியாது. அதற்கு அம்மா வைக்கும் புளி 'ஒரு கொட்டைப்பாக்கு'. இங்கே கிடைப்பது கட்டியாக அழுத்திய கறுப்புப் புளி, அந்தக் கணக்கு ஒத்து வரவே இல்லை. அடுத்த முறை அம்மா கிள்ளிப் போடும் முன் கையைப் பிடித்து நிறுத்தி, மளிகைக்கடைத் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று எழுதி அனுப்புடா.

அன்புடன்,
அக்கா