அந்த 30 நாளைக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

திண்ணையில் தையல் மெஷின் போட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது. ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

தர்மபுரியில் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் 30 நாள் தையல் பழகினேன். கட்டணம் கிடையாது, சாப்பாடும் அங்கேயே. ஆனால் 30 நாள் வீட்டை விட்டு வருவது இலவசம் இல்லையே! அந்த விலையை எனக்காகக் கொடுத்தவர்கள் நீங்கள். இரண்டு கறவை மாட்டையும் அத்தை பார்த்துக்கொண்டார். சின்னவளை அங்கன்வாடிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது எதிர்வீட்டு அக்கா. என் வீட்டுக்காரர் தினமும் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

டீச்சர், முதலில் நீங்கள் துணியைத் தொடவே விடவில்லை. பழைய செய்தித்தாளில் கைக்குழி வளைவை வெட்டி வெட்டிப் பழகினோம். "இன்னொரு தரம் அளந்து பாரும்மா, அப்புறம் கத்திரியை எடு" என்பீர்கள். அப்படியும் பெரியம்மாவின் பட்டு ஜாக்கெட்டில் பின்கழுத்தை அரை இஞ்ச் ஆழமாக வெட்டிவிட்டேன். கல்யாணத்துக்கு மூன்றே நாள். அழுதுகொண்டே போன் செய்தேன். "மீதித் துணி இருக்கா? கழுத்தைச் சுற்றிப் பட்டி வைத்து ஏற்று" என்றீர்கள். இரவு பதினொரு மணிக்கு முடித்தேன். பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு வருடம் தொடர்பில் இருப்பது அங்கே முறை. அதன் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது. தையல் பழகிய எத்தனையோ பேர் வீட்டில் மெஷின் துணி மூடிக் கிடக்கிறது. முதல் தப்பு வந்தபோது கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெஷினுக்குக் கடன் கொடுத்த எங்கள் குழு அக்காமார்களே, உங்களை எப்படி மறப்பேன்? தமிழ்நாட்டில் அரசு முயற்சியில் மகளிர் குழுக்கள் 1989-ல் முதலில் தொடங்கியது நம் தர்மபுரியில்தான். அந்த ஆரம்ப காலத்தில் சேர்ந்தவர் என் அம்மா. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர், குழு நோட்டில்தான் கையெழுத்துப் போடப் பழகினார். என் கடைசித் தவணையைக் கட்டிய அன்று அந்த நோட்டை அவர் கையில் கொடுத்தேன். என் பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

பெரியம்மா, அந்த ஜாக்கெட்டின் கதை தெரிந்தும் அதையே போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனீர்கள். மறுவாரம் உங்கள் நாத்தனாரின் துணியையும் கொண்டுவந்து கொடுத்தீர்கள். உங்களுக்குக் கோடி நன்றி.

இப்படிக்கு,
உங்கள் ஊர்த் தையல்காரி