ஏழாவது கேள்வி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு ராசா,

இதை வட்ஸ்அப்பில் வொய்ஸாகவே போட்டிருக்கலாம். நீ 401 நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே கேட்பாய், பாதி விளங்காது, விளங்கின பாதிக்கும் "ஓம் அம்மா" என்று ஒரு பதில் வரும். அதனால்தான் கொப்பித் தாளில் எழுதி, மேல்வீட்டுப் பெடியனைக் கொண்டு படம் எடுத்து அனுப்புகிறேன். ட்ரக்கை எங்காவது நிற்பாட்டிவிட்டு வாசி.

அமெரிக்கப் பக்கம் ஓடும்போது வருத்தம் வந்தால் பார்க்கிறதுக்கென்று நீ அனுப்பின இரண்டு காப்புறுதிப் பத்திரங்களையும் முழுதாக வாசித்தேன். "எது நல்லதெண்டு ஒரு சொல்லில சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தாய். கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளெய்ம் பகுதியில் 27 வருஷம் இருந்தவளிடம் ஒரு சொல் கேட்டால் கிடைக்குமா? மூன்று நாளாக அப்பாவின் பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்தேன். எங்கள் பகுதியில் எல்லோரும் பொலிசியைப் பின்பக்கத்திலிருந்துதான் வாசிப்போம். தருகிறோம் என்று சொல்வதெல்லாம் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். தரமாட்டோம் என்பது பின்னால், எறும்பு ஊர்ந்த மாதிரி.

"ஹெல்த் கார்ட் இருக்குத்தானே, பிறகேன் காசு?" என்று போன மாதம் கேட்டாய். அந்தக் கார்ட் தருகிற ஓஹிப், அதாவது ஒன்ராறியோ அரசாங்கத்தின் மருத்துவக் காப்புறுதி, உனக்கு ஒன்ராறியோவுக்குள் டொக்டரையும் ஆஸ்பத்திரியையும் தருகிறது. 25 வயதுக்கும் 64க்கும் இடையில் இருப்பவனுக்கு அது மருந்துக் காசு தராது. அம்பாசடர் பாலம் ஏறி டெட்ரொயிட் பக்கம் இறங்கிவிட்டாயென்றால் ஓஹிப் உன் கையை விட்டுவிடும் என்றே வைத்துக்கொள். அவசரத்துக்கு அமெரிக்காவில் காட்டிவிட்டு வந்தால் ஒரு நாளைக்கு 50 கனடா டொலர் வரைக்கும்தான் தருவார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 200, தீவிர கவனிப்புப் பிரிவு மாதிரி என்றால் 400. அங்கே ஒரு இரவுக் கட்டிலுக்கே ஆயிரக்கணக்கில் பில் வரும். ஒகையோவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவன் அந்த 400ஐ வைத்து என்ன செய்ய?

இங்கே கதை வேறு. 2018இல் அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது பெரியாஸ்பத்திரியில் சனம், சத்தம், வாங்கில் இருந்தபடி இரண்டு இரவு நான் நித்திரை கொண்டது எல்லாம் நடந்தது. பில் என்று ஒரு தாள் மட்டும் வரவில்லை. அந்தப் பழக்கத்தில்தான் நீயும் யோசிக்கிறாய். நீ ஓடுகிற நாட்டில் அது சரிவராது.

சரி, உன் பத்திரங்களுக்கு வருகிறேன். இரண்டுக்கும் இடையில் மாதம் ஐம்பது அறுபது டொலர் வித்தியாசம். நீ மலிவானதை எடுக்க நினைத்து, அதன் விண்ணப்பத்தையும் நிரப்பி அனுப்பியிருக்கிறாய், அம்மா ஒருக்கால் பார்த்தால் கையெழுத்து வைக்கலாம் என்று. பார்த்தேன். ஏழாவது கேள்வி: கடந்த 180 நாட்களில் நீங்கள் எடுக்கும் மருந்திலோ மருந்தின் அளவிலோ மாற்றம் ஏதும் உண்டா? நீ "இல்லை" என்பதில் சரி போட்டிருக்கிறாய்.

ஜூன் 18ஆம் திகதி உன் பிரஷர் குளிசையை 5இலிருந்து 10 ஆக்கினதை மருமகள் எனக்குச் சொன்னாள். அவளோடு கோபிக்காதே, நான்தான் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். "அம்மா யோசிப்பா" என்று எனக்கு மறைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கு வேறாகப் பேச்சு விழும். கம்பனிக்கு ஏன் மறைத்தாய்?

மறைக்கவில்லை, மாற்றம் என்று நினைக்கவில்லை என்று சொல்வாய். குளிசையைக் கூட்டின பிறகு பிரஷர் நல்லாய் இறங்கிவிட்டது, அப்படியென்றால் நான் முந்தியைவிடச் சுகம்தானே என்பாய். டொக்டரின் கணக்கில் அது சரி. காப்புறுதிக்காரனுக்கு வேறு கணக்கு. புதுக் குளிசை தந்தாலும் மாற்றம், கூட்டினாலும் மாற்றம், ஏன், நீ மெலிந்துவிட்டாய் என்று டொக்டர் சந்தோஷப்பட்டுக் குறைத்துத் தந்தாலும் மாற்றம். 180 நாள் ஒன்றும் மாறாமல் இருந்தால்தான் அவனுடைய பாஷையில் அந்த வருத்தம் "நிலையாக" இருக்கிறது. இல்லையென்றால் பிரஷரோடு தொடர்பு வைக்கக்கூடிய எதற்கும் காசு இல்லை. பிரஷரோடு எதைத்தான் தொடர்பு வைக்க முடியாது? நெஞ்சு, மூளை, சிறுநீரகம். 41 வயதில், நாளுக்கு 11 மணித்தியாலம் ஸ்டியறிங்கில் இருக்கிறவனுக்கு வரக்கூடியது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மிச்சம் கால் சுளுக்குக்கும் பல் நோவுக்கும்தான் நீ பிரீமியம் கட்டுவாய்.

உனக்கு ஒருநாளும் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. 2003. தம்புள்ளையிலிருந்து கொழும்பு மனிங் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற ஒரு லொறி சாரதி. குருநாகலுக்கு இந்தப் பக்கம் லொறியை ஓரமாக நிற்பாட்டிவிட்டு, ஸ்டியறிங்கிலேயே தலையை வைத்துப் போய்விட்டார். லொறியை ஓரங்கட்டிவிட்டுத்தான் போனார் என்பதை அவர் மனைவி என்னிடம் இரண்டு தரம் சொன்னா. ஆயுள் காப்புறுதி எடுத்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அந்த மனுசி எல்லாக் கடதாசியையும் ஒரு சிலிசிலிப் பையில் போட்டுக்கொண்டு வந்தா. மரணச் சான்றிதழ், அடையாள அட்டை, அதோடு அவருடைய கிளினிக் கொப்பி. மனுசன் ஒழுங்காக மருந்து எடுத்தவர், கவனமில்லாமல் இருக்கவில்லை என்று எங்களுக்குக் காட்டவேண்டும் என்று அதைக் கொண்டுவந்திருந்தா.

அந்தக் கொப்பியில் நாலு வருஷமாகச் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுத்தது இருந்தது. விண்ணப்பத்தில் "நோய் ஏதும் இல்லை" என்று இருந்தது. நிரப்பினது ஏஜென்ட். "இதெல்லாம் எழுதினா பிரீமியம் கூடும்" என்று சொல்லியிருப்பான், அவர் கையெழுத்து வைத்திருப்பார். நிராகரிப்புக் கடிதம் மேலிருந்து முடிவாகி வந்தது, டைப் அடித்தது நான். கடிதம் கிடைத்த பிறகு மனுசி திரும்பவும் வந்து கவுண்டரில் நின்று கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மிஸ், இந்தக் கொப்பியைக் கொண்டுவராமல் விட்டிருந்தால் காசு தந்திருப்பீர்களா?" நான் மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவ போய்விட்டா.

நீ இருக்கிற நாட்டில் கொப்பியை யாரும் பையில் கொண்டுபோகத் தேவையில்லை. கிளெய்ம் போட்டவுடன் உன் குடும்ப டொக்டரின் பதிவையும் மருந்துக்கடைப் பதிவையும் அவர்களே எடுப்பார்கள். அதற்கான அனுமதி நீ கையெழுத்து வைக்கிற அதே தாளில், கீழே இருக்கிறது. போய்ப் பார்.

இப்போது செய்யவேண்டியதைக் கேள். விலை கூடினதில் 180க்குப் பதிலாக 90 நாள்தான். ஜூன் 18இலிருந்து எண்ணினால் செப்டெம்பர் 16க்கு 90 முடிகிறது. அதுவரைக்கும் அமெரிக்க லோட் எடுக்காதே. லோட் பிரித்துத் தருகிற டிஸ்பாச்சரோடு கதைத்து வின்னிபெக், ஹலிஃபக்ஸ் பக்கம் ஓடு. மற்ற மாகாணங்களில் ஆஸ்பத்திரிச் செலவை ஓஹிப் பார்த்துக்கொள்ளும். அம்புலன்ஸ் காசு உன் பாடு. கியூபெக்கில் மட்டும் டொக்டர் கையில் காசு கேட்கலாம், கொடுத்துவிட்டுத் துண்டை வைத்துப் பிறகு ஓஹிப்பிடம் கேட்கவேண்டும். வருமானம் கொஞ்சம் குறையும், தெரியும். வீட்டு மோட்கேஜுக்கு இழுபறி என்றால் சொல்லு, அப்பாவின் இபிஎஃப் காசில் இன்னும் கொஞ்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது. வெட்கப்படாதே.

வருஷத்துக்கு ஒருதரம்தானே வாங்குகிறோம், 90 நாளையும் ஒருதரம் எண்ணினால் போதும் என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு முறை நீ எல்லை தாண்டும்போதும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். இனி டொக்டர் குளிசையில் கைவைத்தால் அடுத்த லோட்டுக்கு முன்னம் காப்புறுதி புரோக்கருக்கு ஒரு கோல் எடு.

நாள் கணக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பயணம் 15 நாளுக்கு மேல் போகக்கூடாது என்று இரண்டிலும் போட்டிருக்கிறது. போன மாரியில் லரேடோவில் எஞ்சின் பழுதாகிப் பார்ட்ஸ் வரும்வரை கிடந்தாயே, அது 17 நாள். இந்தப் பொலிசியென்றால் கடைசி இரண்டு நாளும் நீ காப்புறுதி இல்லாத வெறும் ஆள். அப்படி இழுபட்டால் 15 முடிய முன்னம் போன் எடுத்து நாளைக் கூட்டிக்கொள்ளலாம். என்றைக்குப் போனாய் என்பதற்கு உன் லொக் பதிவே சாட்சி, ஆனாலும் டீசல் துண்டுகளை எறியாதே. அதோடு, உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கென்று விற்கிற பொலிசிகள் சிலதில், வேலையாக வாகனம் ஓட்டும்போது நடந்தால் காசு இல்லை என்று இருக்கும். உன்னுடையதில் அப்படி ஒரு வரி என் கண்ணில் படவில்லை. என் கண்ணை நம்பாதே, "நான் ட்ரக் ஓட்டுகிறேன்" என்று புரோக்கருக்கு ஈமெயிலில் எழுதிக் கேள், பதிலும் எழுத்தில் வரட்டும். வாயால் சொன்னதைக் கிளெய்ம் பகுதியில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நாங்கள் கேட்டதில்லை.

காப்புறுதி அட்டையில் ஒரு போன் நம்பர் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக முன்னமோ, போனவுடனேயோ அதற்குச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பில்லில் ஒரு பங்கை வெட்டுவார்கள். அந்த நம்பரைச் சன்வைசரில் ஒட்டு, மருமகளின் போனிலும் போட்டுவை.

உன் சிநேகிதன் சொன்ன அந்த விஷயம், உன் பெயரில் ஒரு கம்பனி பதிந்து ஓடினால் கைக்குக் காசு கூட வரும் என்பது. வரும். ஏன் கூட வருகிறது என்று கேட்டாயா? வேலையில் அடிபட்டால் பார்க்கிற டபிள்யூஎஸ்ஐபி காசை இப்போது உனக்காக முதலாளி கட்டுகிறான். கம்பனி பதிந்தால் அதை நீயே விரும்பி வாங்கவேண்டும், வாங்காவிட்டால் இல்லை. குறூப் பெனிஃபிட் என்கிற வேலையிடத்துக் காப்புறுதி, லீவுச் சம்பளம் எல்லாம் அதோடு போகும். அந்தக் கூடுதல் காசு உன்னுடைய பாதுகாப்பை விற்ற காசு. வேண்டாம்.

மருமகளின் வேலையிடத்து பெனிஃபிட் பற்றியும் கேட்டிருந்தாய். அது இருக்கட்டும், நல்லது. பிள்ளையின் பில்லுக்கு, தாய் தகப்பனில் யாருடைய பிறந்தநாள் வருஷத்தில் முந்தி வருகிறதோ அவருடைய பொலிசிதான் அங்கே முதலில் கொடுக்குமாம். அவளுக்கு பெப்ரவரி, உனக்கு ஒக்டோபர். அப்பாவுக்கு இதைச் சொன்னேன், "சாதகம் பாத்துத்தான் காசு குடுக்கிறாங்கள்" என்று ஒரு சிரிப்பு.

குறட்டை பற்றியும் சொல்லவேண்டும். மருமகள் வீடியோ அனுப்பினவள். அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கினது. நித்திரையில் மூச்சு நிற்கிற வருத்தமாக இருந்தால் அந்த மெஷினுக்கு ஒன்ராறியோ அரசாங்கம் 75 சதவீதம் தருகிறது. லைசன்ஸ் போய்விடும் என்று பயந்துதானே டொக்டரிடம் வாய் திறக்காமல் இருக்கிறாய்? வாகனம் ஓட்டமுடியாத அளவு வருத்தமென்றால் டொக்டர் அறிவிக்கவேண்டும் என்று அங்கே சட்டம், அது உண்மை. வைத்தியம் பார்த்துக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறவர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 46 வயது வரைக்கும் உனக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருக்கால்தான் மெடிக்கல் கேட்பார்கள், பிறகு மூன்று வருஷத்துக்கு ஒருக்கால். அடுத்த மெடிக்கல் வரும் வரைக்கும் குறட்டை பார்த்துக்கொண்டிருக்காது.

இரண்டு பத்திரத்தையும் முழுதாக வாசித்தேன் என்று மேலே எழுதினது பொய். பின்பக்கத்தில் கடைசிக்கு முன்வரி, ஆளை வீட்டுக்குக் கொண்டுவருகிற செலவு பற்றியது. உயிரோடு இல்லாதபோது. வேலையில் அந்த வரியை எத்தனை ஆயிரம் தரம் வாசித்திருப்பேன், இந்தத் தாளில் முடியவில்லை. அப்பா "என்ன, வாசிப்பு நிண்டிட்டுது?" என்று கேட்டார். மின்விசிறிக் காற்றுக்குத் தாள் பறந்துவிட்டது என்று சொன்னேன். அந்த வரியை நீயே பார்த்து, தொகை எவ்வளவு என்று மருமகளிடம் சொல்லிவை. எனக்குச் சொல்லவேண்டாம்.

விலை கூடினதின் விண்ணப்பத்தைப் புதிதாக எடு. பழையதைத் திருத்தாதே, வெட்டித் திருத்தின தாள் ஒருநாளும் நல்லதுக்கு வந்ததில்லை. குளிசையின் பெயர், அளவு, ஜூன் 18, எல்லாம் எழுது. டொக்டரின் பதிவில் இருக்கிற அதே திகதியா என்று ஒருக்கால் கேட்டுச் சரிபார்த்துக்கொள். கையெழுத்து வைக்க முன்னம் படம் எடுத்து எனக்கு அனுப்பு. உனக்கு இரவு ஏழு மணியென்றால் இங்கே விடிய நாலரை. முதல் ரெயில் போகிற சத்தத்துக்கு எப்படியும் நான் எழும்பிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: ட்ரக்குக்குள் வைத்திருக்கிற பிஸ்கட் பெட்டியை எறியச் சொல்லி அப்பா சொல்கிறார். சொல்லும்போது அவர் கையிலும் ஒன்று இருக்கிறது.