குடும்ப மருத்துவரும் வீட்டுக்குள் ரகசியமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்ப மருத்துவர்களின் தொழில் நெறி குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, தேவையற்ற பரிசோதனைகளையும் கமிஷனையும் நன்றாக அலசியிருந்தது. நோயாளிக்கோ இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: ‘நான் இங்கே சொல்வது என் வீட்டுக்குப் போய்ச் சேருமா?’

சிறப்பு மருத்துவருக்கு நாம் தனி ஆள். குடும்ப மருத்துவரிடம் கணவன், மனைவி, மாமியார், பதின்வயதுப் பிள்ளை என எல்லோருடைய விவரமும் இருக்கிறது. ‘அவருக்கு ரிப்போர்ட்டில் என்ன வந்தது டாக்டர்?’ என்று வீட்டார் உரிமையோடு கேட்பார்கள். டாக்டரும் பழக்கத்தில் சொல்லிவிடுவார். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அதன்பின் நோயாளி வாய் திறக்கமாட்டார்.

மறைத்ததன் பலனை உடம்புதான் அனுபவிக்கும். ஆண்மைக் குறைவுக்குச் சில்டெனாஃபில் போட்டவர் அதைச் சொல்லாமல் நெஞ்சுவலி என்று வந்தால், நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை ரத்த அழுத்தத்தை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறக்கிவிடலாம். சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள், அதே வகை மருந்தான டடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், நைட்ரேட் கொடுக்கக் கூடாது. வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க இந்தக் கேள்வியைக் கேட்டால் உண்மை வருமா? காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடும் பெண் கருத்தடை மாத்திரையை மறைத்தாலும் சிக்கல்தான். ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி, கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை வேகமாகச் சிதைக்கவைக்கும். கருத்தடை பலிக்காமல் போகலாம்.

ஆகவே பதிவு செய்யும் அன்றே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்: உங்கள் விவரத்தை யாரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, முடிவுகளை எந்த எண்ணுக்குத் தெரிவிப்பது. திருமணம், மணமுறிவு என்று வீட்டுச் சூழல் மாறும்போது மறுபடி கேட்க வேண்டும். குடும்பத்துக்கே ஒரே கோப்பு என்பது வசதிதான். அம்மா புரட்டும்போது மகளின் பக்கமும் கண்ணில் படும். ஒவ்வொரு சந்திப்பிலும் சில நிமிடம் நோயாளியைத் தனியே பார்ப்பதை எல்லோருக்கும் பொது வழக்கமாக்கினால் யாருக்கும் சந்தேகம் எழாது. சிலருக்கு மட்டும் செய்தால், ‘ஏன் வெளியே போகச் சொன்னார்?’ என்ற விசாரணை வீட்டில் தொடங்கிவிடும். மருத்துவரின் அறையைவிட வரவேற்பு மேசையில்தான் ரகசியம் அதிகம் கசியும் என்பது என் கருத்து. ‘என்ன பிரச்சினைக்கு வந்தீங்க?’ என்று காத்திருப்பவர்கள் நடுவே உரக்கக் கேட்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

புற்றுநோயை நோயாளியிடம் மறைக்கச் சொல்லி உறவினர்கள் கெஞ்சுவதும் உண்டு. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியையே கேட்பதுதான் முறை. வேண்டாம் என்றால் அதுவும் அவர் உரிமையே. மருத்துவர்களுக்கான 1948-ஆம் ஆண்டின் ஜெனீவா உறுதிமொழி ரகசியம் காப்பதை வலியுறுத்தியது. 2017 திருத்தத்தில் நோயாளியின் சுயநிர்ணயமும் கண்ணியமும் சேர்க்கப்பட்டன.

இந்த ரகசியத்துக்கும் எல்லை உண்டு. குழந்தை மீதான வன்கொடுமை, பிறர் உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்றவற்றில் மருத்துவர் பேசவேண்டி வரலாம். இதை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நேர்மை. கணவனுக்கு எச்ஐவி, மனைவியும் அதே மருத்துவரின் நோயாளி என்றால் இருவரிடமும் கடமை இருக்கிறது. அப்போது கணவனே சொல்ல அவகாசமும் துணையும் தர வேண்டும். தேதி குறித்து மறுபடி வரவழைக்க வேண்டும். அப்படியும் மறுத்தால், சட்டம் அனுமதிக்கும் அளவில், ‘நான் சொல்லப்போகிறேன்’ என்று அவரிடம் தெரிவித்த பிறகே மனைவியிடம் பேச வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்