டேவிட் வியாவ மறந்துடாதீங்க

ஆசிரியர் சார், வணக்கம். 2010 ஃபுட்பால் வேர்ல்ட் கப் பத்தி யார் எழுதுனாலும் ஸ்பெயின் வீரர் இனியஸ்தா ஃபைனல்ல அடிச்ச கோலோட நிறுத்திடுறாங்க, ஆனா ஸ்பெயின் அந்த தொடர்ல அடிச்சதே மொத்தம் 8 கோல்தான், அதுல 5 டேவிட் வியா அடிச்சது சார்! ஸ்பெயின்ல அஸ்தூரியாஸ்ங்கிற பகுதியில சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பையன், சின்ன வயசுல வலது கால் உடைஞ்சப்போ அப்பா இடது காலாலயே உதைக்க வெச்சு பழக்குனாரு, அதான் ரெண்டு காலும் பேசும். கிஹோன், சரகோசா, வேலன்சியா கிளப்புகளுக்கு ஆடிட்டு, அப்புறம்தான் பார்சிலோனா. 2011 டிசம்பர்ல மறுபடி கால் உடைஞ்சு ஐரோப்பிய நாடுகள் மோதுற 2012 யூரோ கப்ல ஆடவே முடியாம போச்சு, அத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. ஸ்பெயினுக்காக 98 மேட்ச்ல 59 கோல், அவர பத்தி ஒரு முழுப் பக்கம் போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்