அரிசிக்கும் அதே ஒன்பது

சிங்கப்பூர்
மார்ச் 2024

அன்புள்ள கமலா,

இங்கே எல்லோரும் நலம். தீபாவளிக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கடிதம்கூட இல்லை. ஈப்போ காற்று பட்டதும் இங்குள்ள தேக்கா மறந்துவிட்டதா? அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது வேறொன்று மனத்தை அரிக்கிறது.

ஜனவரி முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு ஆகிவிட்டது. 1994-இல் 3 விழுக்காட்டில் தொடங்கியபோதே, “இது இத்துடன் நிற்காது” என்றாய். ராஜுதான் உன்னைக் கேலி செய்தான். இப்போது அவனைக் கேள்! 2007 முதல் 7, போன ஆண்டு 8, இப்போது 9.

வரி சேர்க்காமல் மாதம் 600 சிங்கப்பூர் வெள்ளிக்குச் சாமான் வாங்கும் வீட்டில், 7-க்கும் 9-க்கும் இடையே கூடுவது 12 வெள்ளிதான். விலை அதோடு நின்றால் நான் ஏன் புலம்புகிறேன்? எங்கள் புளோக்கின் கீழே 1.20 வெள்ளிக்கு விற்ற காப்பி 1.40 ஆகிவிட்டது. 16 விழுக்காட்டுக்கும் மேல்! ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கடைகள் இந்த வரிக்குப் பதிவு செய்யவே வேண்டியதில்லை. ஆனாலும் கடைக்காரரைத் திட்ட மனம் வரவில்லை. பால் டின்னும் சீனியும் மின்சாரமும் அவருக்கும் வரியோடுதானே வருகின்றன. உணவகத்தில் இன்னும் மோசம். 10 வெள்ளிச் சாப்பாட்டுக்குச் சேவைக் கட்டணம் ஒரு வெள்ளி, அந்தக் கட்டணத்துக்கும் சேர்த்து வரி. கையிலிருந்து போவது 11.99.

போன வாரம் பேரங்காடி வரிசையில் எனக்கு முன்னால் எட்டாம் மாடிப் பாட்டி நின்றார். முந்தானையில் காசு முடிந்து வைத்திருப்பாரே, அவர்தான். தொகையைக் கேட்டதும் முடிச்சை அவிழ்த்து எண்ணினார், மறுபடியும் எண்ணினார். பிறகு நல்லெண்ணெய்ப் புட்டியை மட்டும் ஒதுக்கி, “இது வேண்டாம்மா” என்றார். நான் பணம் கட்டுகிறேன் என்றதற்கு என் கையை இறுகப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஜனவரியில் சிங்கப்பூரர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 500 வெள்ளி சிடிசி (சமூக மேம்பாட்டு மன்றம்) பற்றுச்சீட்டு வந்தது. பாதி பேரங்காடிக்கு, பாதி அக்கம்பக்கக் கடைகளுக்கும் உணவங்காடிகளுக்கும். பாட்டியுடையது பேத்தியின் கைப்பேசியில் இருக்கிறது. அவள் வரும் நாளில்தான் உதவும். முதியோர் பெருகிவரும் நாட்டில் மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் கமலா, பற்றுச்சீட்டு தீர்ந்துவிடும், ஏறிய விலை இறங்காது. அரிசிக்கும் வைரத் தோட்டுக்கும் ஒரே 9 என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

உங்கள் மலேசியாவில் 2015 முதல் 2018 வரை இந்த வரி இருந்தபோது அரிசிக்கும் சீனிக்கும் வரி போடவில்லையே. உன் வீட்டுக்காரர் அப்போது மளிகைக் கடை வைத்திருந்தார். வரி உள்ளது, இல்லாதது என்று பிரித்துக் கணக்கு எழுதுவது அவ்வளவு தொல்லையா? கேட்டு எழுது. ஜூன் விடுமுறைக்கு வருவதாக இருந்தால் அவரையும் அழைத்து வா, அவர் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
செல்வி