வரியாக வரவேண்டியது கடனாக வருகிறது

மதிப்பிற்குரிய ஒன்றிய நிதி அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். காரைக்குடியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்து, இப்போது ஓய்வில் இருப்பவன் நான். என் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைசி நிலை உதவியாளாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரை உயர்ந்தவர். அவர் கைப்பட எழுதிய இரண்டு பேரேடுகள் எங்கள் வீட்டு இரட்டைப் பூட்டு அறையில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் எந்தத் தொகையும் தனியாக நிற்பதில்லை. ஒருவர் பேரில் வரவு வைத்தால் இன்னொருவர் பேரில் பற்று எழுதியே ஆக வேண்டும். நீங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் வரவு செலவுத் திட்டத்தில் வரிச்சலுகை யாருக்கு வரவு என்பது கொட்டை எழுத்தில் வருகிறது. அது யார் பேரில் பற்று என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

2025-26ஆம் ஆண்டுக்கான உங்கள் மதிப்பீட்டை எடுத்துக்கொள்கிறேன். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் நிதிப் பற்றாக்குறை, அதாவது கடனாகத் திரட்ட வேண்டியது, 15.69 லட்சம் கோடி. பழைய கடன்களுக்கான வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. செலவில் கால் பங்கு வட்டிக்கே போகிறது. புதிதாக வாங்கும் கடனில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சமமான தொகை பழைய வட்டியாகவே கரைகிறது. ஒரு வியாபாரி இப்படி ஓர் ஐந்தொகையை (சொத்து, கடன் நிலைக் கணக்கை) நீட்டினால், அந்தக் காலத்து வட்டிக்கடை மேலாள் தவணையை நீட்டுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்திருப்பார்.

பற்றாக்குறையே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. கடன் கொடுத்தே வளர்ந்த செட்டிநாட்டுச் சீமைக்காரன் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். பெருந்தொற்று ஆண்டான 2020-21இல் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 9.2 சதவீதம் வரை போனது; அந்த நேரத்தில் கையை மூடிக்கொண்டிருந்தால் பட்டினிதான் மிஞ்சியிருக்கும். முதலுக்கு வாங்கும் கடனையும் சாப்பாட்டுச் செலவுக்கு வாங்கும் கடனையும் எங்கள் ஊரில் ஒன்றாக வைத்துப் பேசமாட்டார்கள். சாலையும் ரயில் பாதையும் முதல். ஆனால் மேற்சொன்ன 15.69 லட்சம் கோடியில் 5.23 லட்சம் கோடி வருவாய்ப் பற்றாக்குறை. அது அன்றாடச் செலவுக்கு வாங்குகிற கடன். அந்தப் பள்ளம் தூராமல் இருக்கும்போது கொடுக்கப்படும் ஒவ்வொரு வரிச்சலுகையும், கடன் வாங்கிக் கொடுக்கும் சலுகைதான்.

2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான அடிப்படை வரி விகிதம், பிற விலக்குகளைக் கைவிடுவோருக்கு, 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று அப்போது அரசே சொன்னது. 2018-19இல் 6.63 லட்சம் கோடியாக இருந்த நிறுவன வரி வசூல் 2019-20இல் 5.57 லட்சம் கோடியாக இறங்கியது. வணிக மந்தமும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. விகிதத்தைக் குறைத்தால் ஒளிந்திருக்கும் வருமானம் வெளியே வரும் என்ற வாதமும் எனக்குப் புதிதல்ல. இந்தச் சீமையைச் சேர்ந்த ப. சிதம்பரம் 1997இல் தனிநபர் வரி விகிதங்களை 10, 20, 30 என்று குறைத்தபோது அதைக் கேட்டுக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். 40 சதவீதத்திலிருந்து 30க்கு இறங்குவது ஒன்று. இறங்கிய இடத்திலிருந்து மேலும் மேலும் இறங்குவது வேறு.

குறைந்த வருவாய்க்கு ஈடாக அரசு கடன் பத்திரம் வெளியிடுகிறது. அதை வாங்குவது யார்? வங்கிகள் தங்கள் வைப்புத்தொகையில் 18 சதவீதத்துக்குக் குறையாமல் பெரும்பாலும் இத்தகைய பத்திரங்களில் வைக்க வேண்டும் என்பது விதி. எல்.ஐ.சி. வாங்குகிறது; வருங்கால வைப்பு நிதி வாங்குகிறது; மிச்சம் பிடிக்க முடிந்தவர்கள் நேரடியாகவும் வாங்குகிறார்கள். நேற்று வரியாகக் கட்டியிருக்க வேண்டிய பணம் இன்று கடனாக அரசின் கைக்கு வருகிறது. வரி என்றால் திரும்பாது, கடன் என்றால் வட்டியோடு திரும்பும். கொடுக்க வேண்டியவனே கொடுத்து வைத்தவன் ஆகிவிடுகிறான். வட்டித் தொழிலின் நெளிவுசுளிவு அனைத்தையும் அறிந்த எங்கள் முன்னோர்களுக்குக்கூட இப்படியொரு லாபம் தோன்றியதில்லை.

அந்த வட்டியைக் கட்டுவோரில் ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சாயம் ஊற்றித் தரைக்கல் வார்க்கிறவரும் உண்டு, கண்டாங்கிச் சேலை நெய்கிறவரும் உண்டு, ஓலைக் கொட்டான் பின்னுகிற ஆச்சியும் உண்டு. இவர்களுக்கு வருமான வரி இல்லை. ஆனால் செல்போன் ரீசார்ஜுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அரண்மனை போன்ற வீட்டுக்காரருக்கும் அதே 18. (2025 செப்டம்பர் 22 முதல் சோப்புக்கும் தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கும் 5 சதவீதமாகக் குறைத்தீர்கள், அந்தக் குறைப்பு இவர்கள் வீடு வரை வந்து சேரும் என்பதால் அதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.) அதற்கு முந்தைய பிப்ரவரியில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றீர்கள். வெளியூரில் வேலை பார்க்கும் என் மகனுக்கு 80,000 ரூபாய் மிச்சம். அவன் மகிழ்ந்தான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதனால் போகும் ஏறத்தாழ 1 லட்சம் கோடியின் பற்றுப் பக்கத்தை நான் தேடினேன், கிடைக்கவில்லை. வருமான வரியில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் பங்கு உண்டு என்பதால், முடிவெடுக்காத மாநிலங்களின் பையிலிருந்தும் அதில் ஒரு பகுதி போகிறது. அந்தப் பையும் கடன்பட்ட பைதான்: 2021இல் தமிழ்நாடு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தில் குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று கணக்கிட்டதை நினைவூட்டுகிறேன்.

எங்கள் நகரத்தார் கோயில்களுக்கு இரண்டு விதமாகப் பணம் திரட்டும் வழக்கம் இருந்தது. திருமணமான ஒவ்வொரு ஆணையும் ஒரு புள்ளியாக எண்ணி வாங்குவது புள்ளி வரி. எல்லாருக்கும் ஒரே தொகை. அது போதாது என்பது தெரிந்ததால்தான், அவரவர் சொத்துக்கு ஏற்ப ஆஸ்திப் பணம் என்று தனியே வைத்தார்கள். நீங்களோ இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான எஸ்டேட் வரியை 1985இல் எடுத்தீர்கள், பெருஞ்சொத்து வைத்திருப்போருக்கான செல்வ வரியையும் 2015இல் எடுத்தீர்கள். 2013-14இல் செல்வ வரியின் வசூல் 1,008 கோடிதான், வசூலிக்கும் செலவு அதிகம் என்றீர்கள். வசூலாகவில்லை என்றால் வலையின் ஓட்டையைப் பார்த்திருக்க வேண்டும். ஆஸ்திப் பணம் போய்ப் புள்ளி வரி மட்டும் மிஞ்சிய கோயில் கணக்காக நாட்டின் கணக்கு ஆகிக்கொண்டிருக்கிறது.

வரிச்சலுகைகளின் வருவாய்த் தாக்கம் என்று ஓர் இணைப்பை நீங்கள் வெளியிட்டு வருவது எனக்குத் தெரியும். சலுகையின் பெயரும் தொகையும் அதில் உண்டு. அதை ஈடுகட்ட வாங்கிய கடனும் வட்டியும் இல்லை. அந்த இணைப்போடு இன்னும் ஒரே ஒரு பக்கம் சேர்க்குமாறு கேட்கிறேன்: புதிதாக அறிவிக்கும் ஒவ்வொரு வரிக் குறைப்பிலும் எந்த வருமானப் பிரிவினருக்கு எவ்வளவு போகிறது, அதற்காக வாங்கும் கடனுக்குப் பத்தாண்டில் எவ்வளவு வட்டி, மாநிலங்களின் பங்கில் எவ்வளவு குறைகிறது. பிப்ரவரி 1ஆம் தேதி உரை முடிந்த கையோடு அந்தப் பக்கமும், தமிழ் உள்ளிட்ட மொழிகளில், மக்கள் கைக்கு வர வேண்டும். பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
காரைக்குடி