பழைய ராக்வெல் கருவி வாங்கப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. மூடப்போகும் ஒரு பட்டறையில் உலோகத்தின் கடினத்தன்மையை எண்ணாகக் காட்டும் பழைய ராக்வெல் ஹார்ட்னஸ் டெஸ்டர் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், அதை வாங்கிப் போட்டால் கத்தி வேலைக்கு உதவுமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். புகைப்படத்தில் அதன் பெயின்ட் புதிதுபோல் பளபளப்பதைக் குறிப்பிட்டு மகிழ்ந்திருக்கிறாய். எனக்கோ அந்தப் பளபளப்புதான் சற்று உறுத்துகிறது. விற்பதற்காக மேலே பூச்சடித்தவர் உள்ளே இருக்கும் லீவரையும் எடைகளையும் திறந்து பார்த்திருப்பார் என்று நம்ப இடமில்லை. வாங்கு என்றுதான் சொல்வேன். ஆனால் கண்ணால் பார்த்து வாங்காதே. கடினத்தன்மை முன்பே அளந்து சான்றளிக்கப்பட்ட ஒரு டெஸ்ட் பிளாக்கை, அதாவது சோதனை எஃகுக் கட்டையைக் கையில் கொண்டுபோய், அந்தக் கட்டை என்ன சொல்கிறதோ அதைக் கேட்டு வாங்கு.

இப்படி ஒரு கருவி வீட்டுப் பட்டறைக்கு அவசியமா என்றும் கேட்டிருந்தாய். இத்தனை காலம் அரத்தைத் தேய்த்துப் பார்த்தே வேலை செய்திருக்கிறோம். அரம் வழுக்கினால், பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த தோய்ச்சலில் எஃகு இறுகிவிட்டது, கடித்தால் இறுகவில்லை என்ற அளவில் அது உண்மையும்கூட. ஆனால் மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதம் இறக்கிய பிறகு அலகு ராக்வெல் எண்ணில் 58-இல் நிற்கிறதா 61-இல் நிற்கிறதா என்பதை அரம் சொல்லாது. கத்தி செய்பவனுக்கு வேண்டியதோ அந்த இடைவெளிதான். 40 முதல் 65 வரை ஐந்து ஐந்து புள்ளி இடைவெளியில் கடினப்படுத்திய சோதனை அரங்கள் கிடைக்கின்றன. அவசரத்துக்கு அவை நல்லவை, ஆனால் ஐந்து புள்ளிக்குள் நடப்பது அவற்றுக்கும் தெரியாது. கையடக்கமான லீப் வகைக் கருவிகளை யாராவது பரிந்துரைத்தால் காது கொடுக்காதே. சிறு குண்டு மோதித் திரும்பும் வேகத்தை வைத்துக் கணக்கிடும் அவை கனமான வார்ப்புகளுக்கும் உருளைகளுக்கும் உரியவை; கத்தியின் மெல்லிய அலகு அந்த மோதலிலேயே அதிர்ந்து எண்ணைக் கெடுத்துவிடும்.

நீ இப்போது வேலை செய்யும் 52100 பேரிங் எஃகுக்கும் ராக்வெல் முறைக்கும் பழைய உறவு உண்டு. ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இருவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பால்பேரிங் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, பேரிங் வளையங்கள் சரியாகக் கடினப்பட்டிருக்கின்றனவா என்று விரைவாகப் பார்ப்பதற்காகவே இதை வகுத்து 1914-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1919-இல் அது வழங்கப்பட்டது. அதுவரை இருந்த பிரினெல் முறையில் குண்டை அழுத்தி, அது பதித்த குழியின் விட்டத்தை உருப்பெருக்கியில் அளந்து கணக்குப் போட வேண்டியிருந்தது. இவர்கள் விட்டத்தை விட்டுவிட்டு ஆழத்தை அளந்தார்கள், விடை டயலிலேயே வந்து நின்றது.

அந்த ஆழம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் பழைய கருவியில் எதற்காக அஞ்ச வேண்டும் என்பது விளங்கும். கடினமான எஃகுக்கான சி அளவுகோலில், 120 பாகைக் கோணமும் 0.2 மில்லிமீட்டர் ஆரமுள்ள நுனியும் கொண்ட வைரக் கூம்பை முதலில் 10 கிலோ சுமையில் பதிய வைக்கிறோம்; பிறகு மொத்தச் சுமையை 150 கிலோவாக உயர்த்தி, மீண்டும் பத்துக்கு இறக்கி, வைரம் நிரந்தரமாக எவ்வளவு கூடுதலாக இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறோம். ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டருக்கும் நூறிலிருந்து ஒரு புள்ளி குறையும். ஆகவே 60 காட்டும் எஃகில் அந்த ஆழம் 0.08 மில்லிமீட்டர்தான்; ஒரு தலைமுடியின் தடிமன் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு முடியை நாற்பது கூறாக்கி எண்ணும் கருவியில், சோதிக்கும் பொருளை வைக்கும் மேடையின் அடியில் ஒட்டிய தூசியும் ஒரு புள்ளி, அந்த மேடையை உயர்த்தும் ஏற்றத் திருகின் ஆட்டமும் ஒரு புள்ளி.

இனி நேரில் போகும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கட்டையை மேடையில் வைத்துக் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுழற்று. கட்டை வைரத்தைத் தொட்டதும் டயலில் உள்ள சிறு முள் அசையத் தொடங்கும். அது சிவப்புப் புள்ளிக்கு வந்து நிற்க வேண்டும். தாண்டிவிட்டால் பின்னோக்கிச் சுழற்றிச் சரிக்கட்டக் கூடாது, இறக்கிவிட்டு வேறு இடத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும். பிறகு டயலின் வளையத்தைத் திருப்பிப் பெரிய முள்ளுக்கு நேரே தொடக்கக் குறியை வைத்து, முழுச் சுமையை ஏற்றும் பிடியைத் தள்ளு. பெரிய முள் அவசரமில்லாமல், எங்கும் உதறாமல் சுழன்று தானே நிற்க வேண்டும். அது தடால் என்று விழுந்தாலோ பாதியில் தயங்கினாலோ, சுமை இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எண்ணெய்க் குப்பியில் கோளாறு என்று கொள். எண்ணெய் வற்றியிருந்தால் மாற்றிவிடலாம், பெரிய செலவல்ல. முள் நின்றபின் பிடியைத் திரும்ப இழுத்து, கறுப்பு எண்களில் படித்துக் குறித்துக்கொள். சிவப்பு எண்கள் வைரத்துக்குப் பதில் குண்டால் சோதிக்கும் பி அளவுகோலுக்கானவை.

மேடையையோ வைரத்தையோ மாற்றிப் பொருத்திய பிறகு வரும் முதல் எண்ணைக் கணக்கில் சேர்க்காதே. அது இருக்கை அமர்வதற்கே சரியாகப் போய்விடும். அதன்பின் ஐந்து முறை சோதித்துப் பார். குழிக்குக் குழி, மையத்திலிருந்து மையத்துக்கு, குழியின் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இடைவெளி இருக்கட்டும். ஐந்து எண்களும் அரைப் புள்ளிக்குள் அடங்கி, ஆனால் கட்டையில் பொறித்த எண்ணைவிட இரண்டு குறைவாக வந்தால் கவலைப்படாதே. மேடையின் அடியையும் திருகின் தலையையும் துடைத்துவிட்டு மறுபடி பார். தூசி போன்றவை எண்ணைக் குறைத்தே காட்டும். அப்படியும் மாறாவிட்டால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஒரே பக்கம் ஒரே அளவு விலகும் கருவியைச் சரிசெய்துவிட முடியும். 57, 61, 59 என்று எண்கள் தாவினால்தான் சிக்கல். லீவர் தாங்கி நிற்கும் கத்திமுனைத் தாங்கிகள் தேய்ந்திருக்கலாம், வைரம் பொருந்திய தண்டு உராயலாம், ஏற்றத் திருகு தளர்ந்திருக்கலாம். இவற்றில் எது என்று தேடுவதே தனி வேலை. அப்படிப்பட்டதைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பது என் எண்ணம்.

முடிந்தால் 60-ஐ ஒட்டிய கட்டையோடு 30-ஐ ஒட்டிய இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போ. வைரத்தின் நுனி மழுங்கியிருந்தால், அது எஃகுக்குள் இறங்க வேண்டிய அளவு இறங்காமல், உயர்ந்த எண்ணைக் காட்டும். கடினமான கட்டையில்தான் அது அதிகம் புலப்படும். சுமையில் பிழை இருந்தாலோ மென்மையான கட்டையில் விலகல் கூடும். இரண்டு கட்டைகளையும் ஒப்பிட்டால் குற்றம் வைரத்திலா எடையிலா என்று ஓரளவு ஊகித்துவிடலாம். எனக்கு மழுங்கிய வைரத்தின்மேல்தான் அச்சம் அதிகம். எண் குறைந்தால் நாமே சந்தேகப்படுவோம். கத்தி 62 என்று முகஸ்துதி பாடும் கருவியை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆகையால் நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோன்ற உருப்பெருக்கி ஒன்றைக் கொண்டுபோய், வைரத்தைக் கழற்றி, வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிப் பார். நுனியில் சில்லு பெயர்ந்திருந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் ஒளி மின்னி மறையும். வைரத்தைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். நல்ல வைரத்தின் விலையை முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டு பேரம் பேசு.

எடைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க மறவாதே. அவை அந்தக் கருவியின் லீவர் விகிதத்துக்கேற்ப வார்த்தவை. ஒன்று தொலைந்தால் வேறொரு கருவியிலிருந்து எடுத்து மாட்டுவது சரிப்படாது. வீட்டுக்குக் கொண்டுவரும்போது முதலில் வைரத்தைக் கழற்றித் தனியாக வைத்துக்கொள். எடைகளை இறக்கி, லீவரை அசையாமல் கட்டி, கருவியை நிமிர்த்தியே ஏற்றிக்கொண்டு வா. எழுபது எண்பது கிலோ கனம் இருக்கும், தனியாளாகத் தூக்காதே. அதை வைக்கும் மேசையில் ஒரு துளை வேண்டும், ஏனென்றால் மேடையைக் கீழே இறக்கும்போது ஏற்றத் திருகு மேசைக்கு அடியில் நீண்டு வரும். மட்டப்பலகை வைத்துச் சமன்செய். உன் பெல்ட் கிரைண்டர் இருக்கும் அறையில் மட்டும் வைத்துவிடாதே. அந்தத் தூள் திருகில் படிந்தால் ஒரே ஆண்டில் பழைய கருவியை மிகப் பழைய கருவியாக்கிவிடும்.

கத்தியில் எங்கே சோதிப்பது என்று கேட்டிருந்தாய். சரிவு தீட்டிய பகுதியில் ஒருபோதும் வேண்டாம். வைரம் செங்குத்தாக இறங்காது, எண் பொய்யாகும், வைரத்துக்கும் கேடு. பிடிக்குள் மறையப்போகும் வால் பகுதியில் சோதித்தால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தக் குழி யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் வாலை டார்ச்சால் தனியே சூடாக்கி மென்மைப்படுத்தும் வழக்கம் உனக்கு உண்டு. அதைச் செய்வதற்கு முன்பே சோதித்துவிடு. இரு முகங்களையும் தேய்த்து, உலைச் சூட்டில் படிந்த செதிலையும் அதன் கீழே கரி இழந்த மென்தோலையும் நீக்கிய பிறகே மேடையில் வை. அந்தத் தோலின்மேல் சோதித்தால் நன்றாகக் கடினப்பட்ட அலகும் ஐம்பதுகளில் நின்று உன்னைக் கலங்கடிக்கும். பிடியாணிக்காகப் போட்ட துளைகளின் அடியில் பிசிறு இருந்தாலும் அலகு மேடையில் படியாமல் மிதக்கும், எண் குறையும். நீண்ட அலகாக இருந்தால் வெளியே தொங்கும் நுனிக்கு அதே மட்டத்தில் ஒரு முட்டுக் கொடு. தடிமனைப் பற்றிக் கவலையில்லை. ஆழத்தைப்போல் பத்து மடங்கு தடிமன் வேண்டும் என்பது விதி, 60-இல் அது 0.8 மில்லிமீட்டர்தான், நம் அலகுகள் மூன்றுக்குக் குறைவதில்லை.

என் பக்கத்துச் செய்தியும் இதைச் சார்ந்ததே. என்னிடம் உள்ள கருவி வந்த பிறகு கத்திகள் மேம்பட்டனவோ இல்லையோ, மின்னுலையைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். தோய்ச்சலுக்குப் பின் ஒரே அலகில் வால் 65-உம் நுனிப் பக்கம் 63-உம் காட்டிக்கொண்டிருந்தன. எஃகு சரியில்லையோ, எண்ணெய் சரியில்லையோ என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் அலகைத் திருப்பி, வால் கதவுப் பக்கம் வரும்படி உலைக்குள் வைத்தபோது எண்களும் இடம் மாறின. கதவோரம் சூடு குறைவாக இருந்திருக்கிறது. இப்போது அலகைச் சற்று உள்ளே தள்ளி வைக்கிறேன், நேரமும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். வித்தியாசம் ஒரு புள்ளிக்குள் வந்துவிட்டது. அரத்தை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஒன்றை மட்டும் இந்தக் கருவியிடம் எதிர்பார்க்காதே. 61 என்பது அந்த இடத்தில் வைரம் எவ்வளவு இறங்கியது என்பதுதான். உள்ளே படிக மணிகள் பருத்துப்போன எஃகும் 61 காட்டும், மணிகள் நுண்மையான எஃகும் 61 காட்டும். முன்னது விளிம்பு உதிரும், பின்னது உதிராது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு துண்டைத் தோய்த்து உடைத்து, உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்க்கும் பழைய வழிதான் நம்மைப் போன்றவர்களுக்கு இன்றும் வழி.

என்னிடம் இருக்கும் இரண்டு கட்டைகளையும் இந்தக் கடிதத்தோடு தனிப் பொதியாக அனுப்புகிறேன். எண் பொறித்த முகத்தில் மட்டும் சோதி. மறுபக்கத்தில் குழி விழுந்தால் அந்தக் கட்டை அதன்பின் பயனற்றது. இரண்டு கட்டைகளிலும் வரும் எண்களை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு, சராசரி மட்டும் போதாது. அவற்றைப் பார்த்துவிட்டு மறுநாளே பதில் போடுகிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்